கார் ட்ராக் விளையாட்டில் பிள்ளைகள் அப்படி என்னதான் கற்றுக்கொள்கிறார்கள்?

கேள்வி இதுதான்: நாலரை வயதுப் பையன். பொம்மைக் கார் ட்ராக் வீட்டுக்கு வந்ததிலிருந்து பொழுது விடிந்தால் அதோடுதான். பெரியவர்கள், "இதுல என்ன இருக்கு, நேரந்தான் வீணாப் போகுது" என்கிறார்கள். அபாகஸ் வகுப்பில் சேர்க்கச் சொல்கிறார்கள். இந்த விளையாட்டில் அவன் உண்மையிலேயே ஏதாவது கற்றுக்கொள்கிறானா?

கற்றுக்கொள்கிறான், நிறையவே. நான் பள்ளியில் இயற்பியல் நடத்துகிறவன். பதினொன்றாம் வகுப்பில் கரும்பலகையில் போராடிப் புரியவைக்கிற பல விஷயங்களைப் பிள்ளைகள் முதலில் சந்திக்கும் இடம் இந்த ட்ராக்தான். அதற்காக, டப்பாவின் மேல் அச்சடித்திருக்கும் "மூளையை வளர்க்கும்" வாசகங்களுக்கு நான் சாட்சி சொல்லவில்லை. சில விஷயங்கள் விளையாடினாலே வரும். சில விஷயங்கள் பக்கத்தில் ஒரு பெரியவர் இருந்து ஒரு வார்த்தை சொன்னால்தான் வரும்.

தரையில் காரைக் கையில் பிடித்து 'டுர்ர்ர்' என்று ஓட்டுகிற பிள்ளையைப் பாருங்கள். அந்தக் கார் அவன் சொன்னதைக் கேட்கும். சோபாவில் ஏறும், சுவரில் நடக்கும், பறக்கவும் செய்யும். அது கற்பனைக்கான விளையாட்டு, அதற்கென்று ஒரு மதிப்பு உண்டு. ட்ராக்கில் வைத்துக் கையை எடுத்துவிட்டால் நிலைமை வேறு. அதன்பிறகு கார் அவன் பேச்சைக் கேட்காது, சரிவின் பேச்சைத்தான் கேட்கும். அவன் நினைத்தது ஒன்று, கார் செய்தது ஒன்று என்று ஆகிறதே, படிப்பு நடப்பது அந்த இடத்தில்தான். அழுதாலும் அடம்பிடித்தாலும் ட்ராக் தீர்ப்பை மாற்றாது. பாராட்டாது, திட்டவும் திட்டாது. விழுந்த காரை எடுத்து மறுபடி விடலாம், அவ்வளவுதான்.

இந்த விளையாட்டு இன்றைய வடிவத்துக்கு வந்ததும் கையை எடுத்த பிறகு ஓடுகிற வண்டி வந்தபோதுதான். 1953-இல் தொடங்கிய இங்கிலாந்தின் மேட்ச்பாக்ஸ் கார்கள் பார்க்க அசலாக இருந்தன, ஆனால் கையால் தள்ளி விளையாடுவதற்கானவை. 1968-இல் அமெரிக்காவின் மேட்டல் நிறுவனம் ஹாட் வீல்ஸைக் கொண்டுவந்தபோது, மெல்லிய கம்பி அச்சையும் உராய்வு குறைந்த பிளாஸ்டிக் தாங்கியையும் வைத்துச் சக்கரத்தைத் தடையில்லாமல் சுழலச் செய்தார்கள். கூடவே, வளைத்துக்கொள்ளக்கூடிய ஆரஞ்சு நிறப் பட்டியையும் விற்றார்கள். மேட்ச்பாக்ஸ் அடுத்த வருஷமே தன் சக்கரங்களை மாற்ற வேண்டியதாயிற்று.

பிள்ளைகள் இந்த ட்ராக்குக்கு ஒன்றுமே தெரியாமல் வருவதில்லை. குழந்தை உளவியலில் ரொம்பப் பேசப்பட்ட ஆய்வு ஒன்று பொம்மைக் காரையும் ட்ராக்கையும் வைத்துத்தான் நடந்தது. ரெனே பையார்ஜான் 1986-இல் வெளியிட்டது. ஆறு மாதம், எட்டு மாதக் குழந்தைகளை உட்கார வைத்து, ஒரு கார் சரிவில் இறங்கித் திரைக்குப் பின்னால் போய் மறுபக்கம் வெளியே வருவதைக் காட்டினார்கள். பிறகு திரையைத் தூக்கி, பின்னால் ஒரு பெட்டி இருப்பதைக் காட்டிவிட்டு மறுபடி மூடினார்கள். பெட்டி ட்ராக்குக்குப் பின்னால் ஒதுங்கி இருந்தபோது குழந்தைகள் சாதாரணமாகப் பார்த்தார்கள். பெட்டி ட்ராக்கின் மேலேயே வழிமறித்து இருந்தும் கார் மறுபக்கம் வந்தபோது, வெகுநேரம் உற்றுப் பார்த்தார்கள். ஒரு திடப்பொருளுக்குள் இன்னொன்று புகுந்து போக முடியாது என்பது, தவழ ஆரம்பிக்கும் முன்பே ஏதோ ஒரு அளவில் தெரிகிறது.

இதைவிட எனக்குப் பிடித்தது 2015-இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஐமி ஸ்டால், லிசா ஃபைகன்சன் இருவரும் செய்தது. பதினோரு மாதக் குழந்தைகளுக்கு, ஒரு பொம்மை சுவரை ஊடுருவிப் போனது போலவும், இன்னொரு முறை அந்தரத்தில் நிற்பது போலவும் காட்டிவிட்டு, அதே பொம்மையைக் கையில் கொடுத்தார்கள். சுவரை ஊடுருவிய பொம்மையைக் குழந்தைகள் மேசையில் தட்டித் தட்டிப் பார்த்தன. அந்தரத்தில் நின்ற பொம்மையைக் கீழே போட்டுப் போட்டுப் பார்த்தன. உங்கள் வீட்டில் ஒரு வயதுப் பிள்ளை ஒரே சாமானைத் திரும்பத் திரும்பக் கீழே போடும்போது இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் கண்ணுக்குத் தெரிவது கைக்கு வருவதில்லை. மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2000-இல் வெளியிட்ட சோதனையில், ஒரு பந்து சரிவில் உருண்டு நாலு கதவு வைத்த தட்டிக்குப் பின்னால் போகும். நடுவே ஒரு தடுப்புப் பலகை, அதன் மேல்முனை தட்டிக்கு மேலே வெளியே தெரியும். பந்து நிற்பது தடுப்பை ஒட்டிய கதவுக்குப் பின்னால்தான். இரண்டு வயதுப் பிள்ளைகளில் பெரும்பாலானோர் தப்பான கதவைத் திறந்தார்கள். மூன்று வயதுப் பிள்ளைகள் பெரும்பாலும் சரியாகத் திறந்தார்கள். ஆறு மாதத்தில் பார்வைக்கு எட்டிய ஒன்று, தானாக யோசித்துக் கை நீட்டுகிற அறிவாக மாற இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகிறது. அந்த இடைவெளியில் உருட்டி, தடுத்து, தேடி விளையாடுகிற ஒவ்வொரு தடவையும் கணக்கில் சேரும் என்றே நான் நினைக்கிறேன். ட்ராக்கின் மேல் ஒரு அட்டைக் குழாயைப் போட்டுச் சுரங்கம் செய்து கொடுங்கள். மூன்று வயதுப் பிள்ளை காரை உள்ளே விட்டுவிட்டு மறுமுனைக்கு ஓடுவதைப் பார்க்கலாம்.

வேகம் என்றால் என்ன என்பதிலும் இதே கதை. சுவிட்சர்லாந்தின் குழந்தை உளவியலாளர் ழான் பியாஜேயிடம், குழந்தைகளுக்கு முதலில் புரிவது காலமா வேகமா என்று ஆராயும்படி தூண்டியவர் ஐன்ஸ்டைன், 1928-இல். பியாஜே கண்டது: சிறு பிள்ளைகளுக்கு 'வேகமாகப் போனது' என்றால் 'முன்னால் போய் நின்றது'. நீளமான சுரங்கம் ஒன்று, குட்டையான சுரங்கம் ஒன்று. இரண்டிலும் ஒரே நேரத்தில் பொம்மைகள் நுழைந்து ஒரே நேரத்தில் வெளியே வந்தால், ஐந்து வயதுப் பிள்ளை "ரெண்டும் ஒரே வேகம்" என்று சொல்லும். தூரத்தையும் நேரத்தையும் சேர்த்துப் பார்ப்பது பின்னால்தான் வருகிறது. உங்கள் பையன் ஒரு காரை முன்கூட்டியே விட்டுவிட்டு "என் காருதான் ஃபாஸ்ட்டு" என்று குதித்தால் அது ஏமாற்று வேலை இல்லை, அவனுடைய அகராதியில் அது சரியான வாக்கியம். திருத்த வேண்டாம். "ரெண்டையும் ஒரே கோட்டுல வச்சு ஒண்ணா விட்டா என்னாகும்?" என்று கேட்டால் போதும்.

இப்போது எனக்கு மிகவும் பிடித்த பகுதி, வட்டமடிக்கும் லூப். கடையில் வாங்கும் செட்டில் லூப்புக்கு முன்னால் பெரும்பாலும் ஒரு மோட்டாரோ ஸ்பிரிங் விசையோ இருக்கும். பட்டனைத் தட்டினால் கார் சுற்றிவிடும். நாலு தடவை பார்த்ததும் பிள்ளைக்குச் சலித்துவிடும், ஏனென்றால் அவன் செய்ய அங்கே ஒன்றுமில்லை. அந்த விசையைக் கழற்றி வைத்துவிட்டு, பட்டியின் ஒரு முனையை நாற்காலியின் மேல் வைத்து விடச் சொல்லுங்கள். ஸ்டூல் உயரத்திலிருந்து விட்டால் பாதி ஏறித் திரும்பி வரும். இன்னும் கொஞ்சம் உயர்த்தினால் உச்சிக்குப் பக்கத்தில் போய்ப் பொத்தென்று விழும். இன்னும் உயர்த்தினால் சுற்றிவிடும்.

கணக்கு இதுதான்: உராய்வே இல்லை என்று வைத்துக்கொண்டால், லூப்பின் ஆரத்தைப் போல இரண்டரை மடங்கு உயரத்திலிருந்தாவது விட வேண்டும். 30 செ.மீ உயர லூப்புக்கு ஆரம் 15 செ.மீ, ஆக அடியிலிருந்து 37.5 செ.மீ. உராய்வு தின்பதையும் சேர்த்தால் பெரும்பாலும் அரை மீட்டர் பக்கம் வந்து நிற்கும். லூப் உயரத்துக்கே விட்டால் ஏன் போதவில்லை? உச்சியை எட்டினால் மட்டும் போதாது, அங்கே ட்ராக்கை விட்டு விழாமல் இருக்கும் அளவுக்கு வேகமும் மிச்சமிருக்க வேண்டும். நாலரை வயதுக்கு இந்தக் கணக்கு தேவையே இல்லை. ஆனால் 'உயரத்தைக் கொடுத்தால் வேகம் கிடைக்கும், ஏறும்போது அந்த வேகம் செலவாகும்' என்பதை அவன் கையால் அளந்து பார்த்துவிடுகிறான். ஆற்றல் மாறாக் கோட்பாடு என்று பத்து வருஷம் கழித்துப் புத்தகத்தில் படிக்கும்போது, அவனுக்கு அது முன்பே பழகிய முகம்.

எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் இன்னொன்று செய்து பாருங்கள். இரண்டு பட்டிகள், தொடங்கும் இடமும் முடியும் இடமும் ஒன்றே. ஒன்றை அளவுகோல் போல நேராக இழுத்து ஒட்டுங்கள். மற்றதைத் தொய்வாக விடுங்கள்: ஆரம்பத்திலேயே செங்குத்தாக இறங்கி, பிறகு தட்டையாகிக் கடைசிப் புள்ளிக்கு வர வேண்டும். எது முதலில் வரும் என்று வீட்டில் எல்லோரிடமும் கேளுங்கள். நேர்வழிதான் குறுகிய வழி, அதுதான் முதலில் வரும் என்று பெரியவர்களே சொல்வார்கள். தொய்ந்த பட்டியில் வந்த கார் ஜெயிக்கும். கூடுதல் தூரம் ஓடினாலும், ஆரம்பத்திலேயே வேகத்தைச் சம்பாதித்துவிடுவதால் மிச்ச வழியெல்லாம் அதே வேகத்தில் கடந்துவிடுகிறது. எந்த வளைவு எல்லாவற்றையும்விடச் சீக்கிரம் கொண்டுசேர்க்கும் என்று 1696-இல் யோஹான் பெர்னூலி ஐரோப்பியக் கணித அறிஞர்களுக்கெல்லாம் சவால் விட்டார். நியூட்டன் 1697-இல் பெயர் போடாமல் விடையை அனுப்பினார். விடை சைக்ளாய்டு: சக்கரத்தின் விளிம்பில் ஒரு புள்ளி வைத்துத் தரையில் உருட்டினால் அந்தப் புள்ளி வரைகிற வளைவு. வளையக்கூடிய பட்டி கையில் இருந்தால் இந்த முந்நூறு வருஷப் புதிரின் வாசல் வரை ஒரு மூன்றாம் வகுப்புப் பிள்ளை போய்விடலாம்.

திருப்பத்தில் கார் வெளியே பறப்பதும் பாடம்தான். வளைந்த பட்டி முடிகிற இடத்தில் கார் எந்தப் பக்கம் போகும்? 1980-இல் மைக்கேல் மெக்லாஸ்கியும் உடன் ஆய்வாளர்களும், வளைந்த குழாயிலிருந்து வெளியே வரும் குண்டின் பாதையை வரையச் சொல்லிக் கல்லூரி மாணவர்களிடம் கேட்டார்கள். வெளியே வந்த பிறகும் அது வளைந்தே போகும் என்று வரைந்தவர்கள் கணிசமான பேர். ட்ராக்கில் விளையாடும் பிள்ளை, கார் நேராகப் போய் அலமாரிக்கு அடியில் புகுவதைத் தினமும் பார்க்கிறது. பார்த்தாலே புரிந்துவிடும் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் "எங்க போய் விழும்னு நினைக்கிற? அங்க ஒரு கிண்ணம் வை பாப்போம்" என்று ஒரு பந்தயம் கட்டினால், பார்வை கவனிப்பாக மாறும்.

இங்கேதான் பெரியவர்களின் வேலை வருகிறது. 1999-இல் ஷெ சென், டேவிட் க்ளார் இருவரும் ஏழு முதல் பத்து வயதுப் பிள்ளைகளிடம் சரிவுப் பலகைகளைக் கொடுத்தார்கள். சரிவின் செங்குத்து, பலகையின் சொரசொரப்பு, ஓடும் நீளம், பந்தின் வகை நாலையும் மாற்றிக்கொள்ளலாம். எது பந்தை அதிக தூரம் கொண்டுபோகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். பிள்ளைகள் பெரும்பாலும் ஒரே நேரத்தில் இரண்டு மூன்றை மாற்றிவிட்டு, எதனால் என்றே தெரியாமல் ஒரு முடிவுக்கு வந்தார்கள். ஒன்றை மட்டும் மாற்று, மற்றதை அப்படியே வை என்று எடுத்துக்காட்டோடு சொல்லிக்கொடுத்தபோது நன்றாகப் பிடித்துக்கொண்டார்கள். தானாகவே விளையாட விட்டால் எல்லாம் வந்துவிடும் என்பவர்களோடு நான் ஒத்துப்போகாததற்கு இதுவே காரணம். காரையும் மாற்றி, உயரத்தையும் மாற்றிவிட்டு "பச்சைக் காருதான் பெஸ்ட்டு" என்று பிள்ளை சொன்னால், "உயரத்தையும் மாத்திட்டியே கண்ணா, பச்சையால ஜெயிச்சுதா, உயரத்தால ஜெயிச்சுதா?" என்று ஒரே ஒரு கேள்வி. பதில் வரவில்லை என்றால் விட்டுவிடுங்கள். நாலரை வயதில் வராது. ஏழெட்டு வயதில் சொல்லிக்கொடுத்தால் பிடித்துக்கொள்வான்.

அதேபோல, கனமான கார்தான் வேகமாகப் போகும் என்ற நம்பிக்கை. காரின் கூரையில் ஒரு ஐந்து ரூபாய் நாணயத்தை டேப்பால் ஒட்டி விட்டுப் பாருங்கள். உராய்வும் காற்றும் இல்லாத உலகில் வித்தியாசமே இருக்காது. வீட்டு ட்ராக்கில் கனமான கார் சற்று முந்தும், காற்றின் தடை அதற்கு ஒப்பீட்டளவில் சிறியது என்பதால். திருப்பத்தில் அதே காருக்கு உயரத்தில் பாரம் கூடியிருப்பதால் எளிதில் கவிழும். கோலிக்குண்டையும் காரையும் பந்தயம் விடுங்கள். செங்குத்தான சரிவில், சக்கரம் நன்றாகச் சுழலும் கார் பெரும்பாலும் குண்டை முந்தும். குண்டு முழுவதுமே உருள வேண்டியிருப்பதால் அதன் ஆற்றலில் ஏழில் இரண்டு பங்கு சுழற்சிக்கே போய்விடுகிறது. சரிவை வெகுவாகக் குறைத்தால் கார் நகராமலே நிற்கும், குண்டு மெல்லக் கிளம்பிவிடும்.

இயற்பியலையே பேசிக்கொண்டிருக்கிறேன். மற்றதும் உண்டு. பட்டியைப் பட்டியோடு சொருகுவது விரல்களுக்கு நல்ல வேலை, எழுதப் பழகும் கைக்கு அது உதவும். மரத்தில் செய்த ட்ராக் துண்டுகள் வைத்திருப்பவர்களுக்குத் தெரியும்: வழக்கமான வளைவுத் துண்டுகள் எட்டைச் சேர்த்தால் வட்டம் மூடும். ஒரு பக்கம் நேர்த்துண்டு ஒன்றைச் சேர்த்தால் எதிர்ப்பக்கமும் ஒன்றைச் சேர்க்காமல் மூடாது. பிள்ளை அதை முட்டி மோதிக் கண்டுபிடிக்கட்டும், நீங்கள் மூடிக் கொடுத்துவிடாதீர்கள்.

பேச்சும் இதில் வளர்கிறது. சிகாகோவில் நடந்து 2011-இல் வெளியான ஆய்வில், 14 முதல் 46 மாதம் வரை வீட்டுப் பேச்சைப் பதிவுசெய்தார்கள். வடிவம், அளவு, இடம் பற்றிய சொற்களைப் பெற்றோர் அதிகம் பேசிய பிள்ளைகள் அவற்றைத் தாங்களும் அதிகம் பேசினார்கள். அப்படிப் பேசிய பிள்ளைகள் 54 மாதத்தில் இடம்சார்ந்த புதிர்களை நன்றாகச் செய்தார்கள். ஒன்றால்தான் மற்றது என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனாலும் பேசுவதில் நமக்கென்ன செலவு? மேடு, சரிவு, திருப்பம், முட்டுச்சந்து, அடியில், இடுக்கில், குறுக்கால், ஓரமாக. தமிழில் இதற்குச் சொற்களுக்குப் பஞ்சமில்லை. கொல்லிமலை போகும்போது அந்த 70 கொண்டை ஊசி வளைவுகளையும் எண்ணச் சொல்லி, ரோடு ஏன் நேரே மேலே போகாமல் இப்படி மடங்கி மடங்கிப் போகிறது என்று கேளுங்கள். ட்ராக் விளையாடிய பிள்ளை பதில் சொல்லும்.

தோற்பது, முறை வைத்து விளையாடுவது, 'சிவப்பு விழுந்தா நிக்கணும்' என்று விதி போடுவது எல்லாம் இன்னொரு பிள்ளை கூட இருந்தால் தானாக நடக்கும். பெண் பிள்ளைகளுக்கும் இதை வாங்கிக் கொடுங்கள். சரிவும் வேகமும் ஆண் பிள்ளைகளின் சொத்து இல்லை.

வாங்குவது பற்றி. விளக்கு எரிந்து பாட்டுப் பாடும் செட் வேண்டாம். அன்னா சோசா என்ற ஆய்வாளர் 2016-இல் வெளியிட்ட ஆய்வில், சத்தம் போடும் எலக்ட்ரானிக் பொம்மைகளோடு விளையாடும்போது பெற்றோர் குழந்தையோடு பேசுவது குறைந்தது. அவை 10 முதல் 16 மாதக் குழந்தைகள் என்றாலும், பொம்மை பேசினால் வீடு பேசாது என்பது பெரிய பிள்ளைகளுக்கும் பொருந்தும் என்று என் அனுபவம் சொல்கிறது. நேர்ப்பட்டிகள் நிறைய, கார்கள் நாலைந்து போதும். பட்டி விலை கட்டுப்படியாகாவிட்டால், மின்சாமான் கடையில் வயர் மறைக்கச் சுவரில் அடிக்கும் பிவிசி பட்டி கிடைக்கும். காரைக் கையோடு கொண்டுபோய் அகலம் பார்த்து வாங்குங்கள், வெட்டிய முனைகளை உப்புத்தாள் வைத்துத் தேய்த்துவிடுங்கள். இந்தியாவில் 2021 ஜனவரி 1 முதல் பொம்மைகளுக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம், பார்த்து வாங்குங்கள். மூன்று வயதுக்குள் இன்னொரு பிள்ளை வீட்டில் இருந்தால் கழன்றுவிடும் சக்கரங்கள் மேல் கண் வேண்டும். பட்டன் பேட்டரி உள்ளே இருந்தால் அதன் மூடி திருகாணி போட்டு இறுக்கியதாக இருக்க வேண்டும். பிள்ளை அதை விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும், காத்திருக்கக் கூடாது.

ஓட்டாமல் கார்களை வரிசையாக அடுக்கிக்கொண்டே இருக்கிறான், பயமாக இருக்கிறது என்றும் பலர் கேட்பார்கள். அடுக்குவது மட்டும் என்றால் பயப்பட ஒன்றுமில்லை, தரம்பிரிப்பதும் வரிசைப்படுத்துவதும் இந்த வயதின் வேலை. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாதது, சுட்டிக்காட்டாதது, பேச்சு தாமதமாவது போன்றவையும் சேர்ந்திருந்தால் குழந்தைநல மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

அபாகஸ் கெட்டதில்லை, ஆனால் நாலரை வயதில் அவசரமும் இல்லை. மணிகளை நகர்த்தி விடை சொல்வதைவிட, ஸ்டூலை எவ்வளவு உயர்த்தினால் லூப் சுற்றும் என்று யோசிப்பது இந்த வயதுக்குக் கனமான வேலை. வீட்டுப் பெரியவர்களையும் கூப்பிட்டு அந்த இரண்டு பட்டிப் பந்தயத்தை நடத்திக் காட்டுங்கள், எது ஜெயிக்கும் என்று முதலில் அவர்களைச் சொல்லச் சொல்லிவிட்டு. ராத்திரி கூடத்தைப் பெருக்கும்போது ட்ராக்கைக் கலைத்துவிடாமல், முடிந்தால் ஒரு ஓரமாக அப்படியே விட்டுவையுங்கள். நேற்று எந்த இடத்தில் விழுந்தது என்பது பிள்ளைக்கு மறக்காது, காலையில் எழுந்ததும் அங்கிருந்துதான் ஆரம்பிப்பான்.